சீனத்து மின்வண்டியும் விழுப்புரம் சாலையும்

புதுவையினின்று விழுப்புரத்திற்குச் செல்லும் பெருஞ்சாலையில், மேற்கே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில், திருவாண்டார்கோயில் உள்ளது. திருஞானசம்பந்தர் பாடல்பெற்ற திருவடுகூர் இதுவே. சோழர் காலத்துக் கற்றளி இன்றும் நிற்கின்றது. அதனைக் கடந்து செல்லும் வண்டிகளோ தலைமுறைக்குத் தலைமுறை மாறிவந்துள்ளன. கரும்பும் நெல்லும் ஏற்றிய மாட்டுவண்டிகள் நெடுங்காலம் சென்றன. 1879-ஆம் ஆண்டில் விழுப்புரத்திற்கும் புதுவைக்கும் இடையே புகைவண்டிப் பாதை திறக்கப்பட்டது. பின்னர்ப் பேருந்துகளும் லாரிகளும் வந்தன. இப்பொழுது இவற்றினிடையே, முன்னும் பின்னும் பச்சை எண்பலகை தாங்கி, எஞ்சின் ஓசை சிறிதுமின்றி நழுவிச்செல்லும் மோட்டார் வண்டிகளையும் இடையிடையே காண்கின்றோம். பச்சைப் பலகை மின்சார வண்டிக்கு அரசாங்கத்தார் 2018-இல் வகுத்த அடையாளம். எழுத்து வெண்மையாயின் சொந்த உபயோகத்திற்குரியது; மஞ்சளாயின் வாடகைக்குரியது.

இவ்வகை வண்டிகளுள் ஒன்றனை எடுத்துக்கொண்டு, அஃது எங்ஙனம் இயங்குகின்றது, நம்போன்ற கிராமப்புறத்தார்க்கு எவ்வளவு பயன்படும், அதனை வாங்குவதால் யாருக்கு யார் கடமைப்படுகின்றோம் என்பவற்றை ஆராய்வதே யாம் ஈண்டு எடுத்துக்கொண்ட காரியம். எடுத்துக்கொண்ட வண்டி, சீன தேசத்துப் பி.ஒய்.டி. கம்பெனியார் செய்த ‘அட்டோ 3’ என்பது. இது 2022-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சீனத்தில் ‘யுவான் பிளஸ்’ என்னும் பெயருடன் விற்பனைக்கு வந்து, அவ்வாண்டு நவம்பரில் இந்தியாவில் ரூ. 33.99 லட்சம் என விலை குறிக்கப்பெற்றது. 2024 ஜூலையில் சிறிய மின்கலத்துடன் கூடிய வகை ரூ. 24.99 லட்சத்திற்கு வந்தது.

பெயரைப் பற்றி இரண்டொரு வார்த்தை சொல்லவேண்டும். ‘அட்டோ’ என்பது விஞ்ஞானத்தில் மிகச்சிறிய அளவொன்றைக் குறிக்கும் முன்னொட்டு. ஒரு விநாடியைக் கோடிகோடியாய்க் கூறுசெய்து, அக்கூறு ஒவ்வொன்றையும் மீண்டும் பதினாயிரமாய்ப் பகுத்தால் வருவது அட்டோ விநாடி. கம்பெனியார் இதனையே கருதிப் பெயரிட்டனராம். ஆயினும் ‘ஆட்டோ மூன்று’ என்று நம்மூரார் காதில் விழுமாயின், மூன்று சக்கர வண்டியன்றி வேறெதுவும் அவர் மனத்தில் தோன்றாது. இன்னும் ஒரு வேடிக்கை: புதுவையில் பதிவாகும் வண்டிகளின் எண்பலகையிலுள்ள முதலிரண்டு எழுத்துக்களையும், சீனக் கம்பெனியின் முதலிரண்டு எழுத்துக்களையும் தமிழில் எழுதினால் இரண்டும் ‘பி.ஒய்.’ என்றே வரும். பகரத்திற்கு ஒரே வரிவடிவு வைத்த நம் முன்னோர் இதனை எதிர்பார்த்திரார்.

கம்பெனியின் வரலாறு மாணவர்க்கு மிக்க பயனுடையது. வாங் சுவான்பூ என்பவர் 1966-இல் ஆன்ஹுவெய் மாகாணத்து உழவர் குடியிற் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, உடன்பிறந்தார் ஆதரவில் கல்வி பயின்றவர். அவர் கற்றது உலோக ரசாயனம். 1995-இல் ஷென்ஜென் நகரில், கைப்பேசிகளுக்கு வேண்டும் சிறு மின்கலங்களைச் செய்யும் தொழிலைத் தொடங்கினார். மோட்டார் வண்டித் தொழிலில் அவர் இறங்கியது 2003-இல், நலிந்துகிடந்த சின்ச்சுவான் என்னும் வண்டிக் கம்பெனியை விலைக்கு வாங்கிய பொழுதுதான். ஃபோர்டு, டைம்லர் முதலியோரின் நூறாண்டுப் பரம்பரையை நோக்க இஃது இளங்கன்று என்றே சொல்லவேண்டும். 2022 மார்ச்சில், பெட்ரோலால் மட்டும் ஓடும் வண்டிகளைச் செய்வதையே நிறுத்திவிட்டது. 2024-ஆம் ஆண்டில் அக்கம்பெனி விற்ற வண்டிகள் ஏறத்தாழ 42.7 லட்சம். அவற்றுள் முற்றும் மின்சாரத்தால் ஓடுவன சுமார் 17.6 லட்சம், ஏனையவற்றுட் பெரும்பாலன மின்சாரமும் பெட்ரோலும் கலந்து கொள்ளுவன.

வண்டி செய்தோர் மின்கலத்தைத் தேடிச் செல்லவில்லை. மின்கலம் செய்தோர் வண்டியைத் தேடிச் சென்றனர். இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்தினால் மற்றவை எளிதில் விளங்கும்.

இவ்வண்டி ‘கிராஸோவர்’ என்னும் இனத்தைச் சேர்ந்தது. ஜீப்பைப்போல உயர்ந்த தோற்றமும், சாலைக் காரைப்போல ஒரே கூடாய் அமைந்த உடலும் உடையது. நீளம் 4.455 மீட்டர், தரைக்கும் அடிப்பாகத்திற்கும் இடைவெளி 175 மில்லிமீட்டர், எடை சுமார் 1,750 கிலோ. முன்சக்கரங்களைச் சுழற்றும் மின்மோட்டாரின் ஆற்றல் 150 கிலோவாட். நின்ற நிலையினின்று மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தை ஏழரை விநாடிக்குள் எய்தும். இவ்வளவு வேகம் நம் சாலையில் எதற்கு என்பது வேறு கேள்வி. கதவின் உட்புறத்துப் பையில் மூன்று செந்நிற நாண்களைக் கட்டியிருக்கின்றனர். மீட்டினால் இசை எழும்பும். சிறுவர்க்கு இஃதொன்றே போதும்.

வண்டியின் உயிர் அதன் அடித்தளத்தில் பரப்பியுள்ள மின்கலத் தொகுதி. அதன் கொள்ளளவு 60.48 கிலோவாட்-மணி, அதாவது நம் வீட்டு மின்கணக்குப்படி அறுபது யூனிட். எடை ஏறக்குறைய நானூறு கிலோ. 2020 மார்ச்சில் வெளியான இக்கலத்திற்கு ‘அலகு’ என்று பொருள்படும் பெயரிட்டனர். ஒவ்வொரு கலமும் கத்தியின் அலகுபோல மெலிந்து நீண்டு, ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுடையதாய் இருப்பதே காரணம். இவ்வலகுகளை அடுக்கி ஒட்டிய பெட்டியே வண்டியின் முதுகெலும்புக்கும் துணையாகின்றது.

இனி, கலத்தினுள் நிகழ்வது யாது? லிதியம் என்னும் இலேசான உலோகத்தின் அயனிகள், கலத்தின் ஒரு முனையிலுள்ள கிராபைட்டிலிருந்து மறுமுனையிலுள்ள சேர்மத்திற்கு ஒரு திரவத்தின் வழியே நீந்திச் செல்லுகின்றன. அவை உள்வழியே செல்லும்போது, எலெக்ட்ரான்கள் வெளிவழியே, அதாவது மோட்டாரின் வழியே, சுற்றிவந்து சேருகின்றன. இச்சுற்றோட்டமே மின்சாரம். மின்னேற்றும்போது இருவகைப் பிரயாணமும் தலைகீழாய் நடைபெறும். ஒன்று உணரவேண்டும்: ஈண்டு எரிவது எதுவுமில்லை, பொருள் இடம் மாறுகின்றது, அவ்வளவே. பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கு சக்கரத்தை அடைதலே அரிது. மீதி வெப்பமாய்க் காற்றிற் கலக்கும். மின்மோட்டாரிலோ கலத்தினின்று எடுத்ததில் ஐந்தில் நான்கு பங்குக்குமேல் சக்கரத்தைச் சேர்கின்றது. வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராய் மாறி, வண்டியின் ஓட்டத்தில் ஒரு பகுதியை மீண்டும் மின்சாரமாக்கிக் கலத்திற்குக் கொடுக்கின்றது.

லிதிய அயனிகள் சென்று தங்கும் அம்மறுமுனைச் சேர்மம் பல வகைப்படும். நிக்கலும் கோபால்ட்டும் சேர்ந்த ஆக்சைடுகள் ஒருவகை. பி.ஒய்.டி. கொண்டது மற்றொரு வகை: இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்தது. இதனைக் கண்டுபிடித்த கதையில் நமக்கும் உரிமை உண்டு. தென்தமிழ்நாட்டில் அமராபுரம் என்னும் சிற்றூரிற் பிறந்து, மதுரைப் பல்கலைக்கழகத்தில் ரசாயனம் பயின்று, சென்னை ஐ.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் பெற்று, மதுரையில் விரிவுரையாளராயும் இருந்தவர் ஆறுமுகம் மந்திரம் அவர்கள். 1980-களில் அவர் ஜான் குடினஃப் என்னும் பேராசிரியருடன் ஆக்ஸ்போர்டிலும், பின்னர் அமெரிக்காவின் டெக்ஸாஸிலும் ஆராய்ந்தார். வெறும் ஆக்சைடுக்குப் பதிலாகச் சல்பேட் போன்ற தொகுதிகளை இரும்புடன் சேர்த்தால் கலத்தின் மின்னழுத்தம் உயரும் என்பதை இருவரும் காட்டினர். அவ்வழியைப் பின்பற்றியே 1997-இல் இரும்புப் பாஸ்பேட்டைப் பற்றிய ஆய்வுரை வெளியாயிற்று. அதனை எழுதினோர் மூவர். குடினஃப் ஒழிய ஏனையிருவரும் பாதி, நஞ்சுண்டசுவாமி என்னும் இந்தியப் பெயரினர். 2019-இல் குடினஃப் நோபெல் பரிசு பெற்றபொழுது அவர்க்கு வயது 97. ஸ்டாக்ஹோமில் அவர் சார்பாகப் பரிசுப் பேருரையை நிகழ்த்தியவர் மந்திரம் அவர்களே. விதை இங்ஙனம் இருக்க, விளைச்சல் எவர் களத்தில் குவிந்தது என்பதை மேலே காண்போம்.

இரும்புப் பாஸ்பேட்டின் சிறப்பு அதன் நிதானம். பாஸ்பேட்டில் ஆக்ஸிஜன் பாஸ்பரஸுடன் இறுகப் பிணைந்திருத்தலின், கலம் மிகச் சூடேறினும் அஃது எளிதில் விடுபட்டு நெருப்புக்கு இரையாவதில்லை. இதனை வீண்பெருமை என்று எண்ணலாகாது. 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் மின்னேற்றியிருந்த மின்சார ஸ்கூட்டர் ஒன்று நள்ளிரவில் தீப்பற்றியெழுப்பிய புகையால் தந்தையும் மகளும் மூச்சுமுட்டி இறந்தனர். அக்காலத்தில் வேறிடங்களிலும் இத்தகைய தீவிபத்துக்கள் நேர்ந்தமையின், அரசாங்கத்தார் மின்கலப் பரிசோதனை விதிகளை அவ்வாண்டே கடுமையாக்கினர். இரும்புப் பாஸ்பேட்டும் தீயே பற்றாதது அன்று. பற்றுவது அரிது என்பதே உண்மை. குறையும் ஒன்று உண்டு. ஒரே அளவு மின்சாரத்தைச் சேமிக்க நிக்கல் வகையைக் காட்டிலும் இது மிகுந்த எடை கொள்ளும்.

அரசாங்கப் பரிசோதனைச்சாலைக் கணக்கின்படி ஒருமுறை மின்னேற்றினால் 521 கிலோமீட்டர் ஓடவேண்டும். ஐரோப்பியர் சோதனையில் கிடைத்தது 420. நம் சாலையில், வெயிலுக்குக் குளிர்சாதனமும் வைத்து ஓட்டினால் நானூறு என்று கொள்ளுதல் விவேகம். திருவாண்டார்கோயிலினின்று புதுவைக்குப் போய் மீள நாற்பது கிலோமீட்டர். ஆகவே பத்து நாளைக்கு ஒருமுறை மின்னேற்றினால் போதும். வீட்டிலுள்ள பதினைந்து ஆம்பியர் துளையில் ஏற்றினால் முழுவதும் நிரம்ப இருபது மணி நேரத்திற்குக் குறையாது. ஏழு கிலோவாட் பெட்டியொன்றைச் சுவரிற் பொருத்தினால் ஒன்பது அல்லது பத்து மணி நேரம். இரவு படுத்து எழுவதற்குள் முடிந்துவிடும். நெடுஞ்சாலை ஓரத்து விரைவு நிலையங்களில் எண்பது சதவீதம் நிரம்ப ஐம்பது நிமிடம். நகரத்து அடுக்குமாடியில் வசிப்பவர்க்குத் தம் வண்டியருகே மின்துளை கிடைப்பதே அரிதாயிருக்க, வாசலில் இடமும் சொந்த மின்இணைப்பும் உள்ள கிராமத்தார்க்கு இவ்வண்டி அவர்களினும் பொருந்தும் என்பது எம் கருத்து. விற்பனை செய்வோர் இதனை எண்ணிப்பார்த்ததாகத் தெரியவில்லை. அவர்தம் கடைகள் எல்லாம் பட்டணங்களிலேயே உள்ளன.

இனிப் பணக்கணக்கு. நூறு கிலோமீட்டர் ஓடப் பதினைந்து யூனிட் செலவாம். ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்துப் பதினேழு எனக் கொள்வோம். யூனிட் ஏழு ரூபாய் என்று வைத்தால் ரூ. 119. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய், லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் என்று வைத்தால், அதே தூரத்திற்கு ரூ. 667. கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்தரை ரூபாய் மீதி. இதனைக் கேட்டு மகிழ்வதற்குமுன், ஒத்த அளவுடைய பெட்ரோல் வண்டியைக் காட்டிலும் இதன் விலை பத்து லட்சம் மிகுதி என்று கொண்டு கணக்கிடுவோம். அப்பத்து லட்சத்தை மீட்க 1,80,000 கிலோமீட்டருக்குமேல் ஓட்டவேண்டும். ஆண்டுக்குப் பன்னீராயிரம் கிலோமீட்டர் ஓட்டும் குடும்பத்தார்க்குப் பதினைந்து ஆண்டு. ஐம்பதினாயிரம் ஓட்டும் வாடகை வண்டிக்காரர்க்கு நான்கு ஆண்டுக்குள். ஆகவே இது சிக்கனத்திற்காக வாங்கத்தக்கது என்று ஆசிரியரோ எழுத்தரோ தம்மைத் தாமே தேற்றிக்கொள்ளுதல் வேண்டா. மிகுதியாய் ஓட்டுவோர்க்கே அது சிக்கனம்.

புகையின் கணக்கு இதனினும் நுட்பமானது. வண்டியின் பின்புறத்தில் புகைக்குழாய் இல்லை. ஆயின் மின்சாரம் எங்கோ பிறந்தாக வேண்டுமன்றோ? காரைக்காலில் 32.5 மெகாவாட் எரிவாயு நிலையம் ஒன்று ஒழியப் புதுவை தன் மின்சாரத்தில் மிகப் பெரும்பகுதியை வெளியிலிருந்தே பெறுகின்றது. அருகிலுள்ள பெருநிலையம் நெய்வேலி. எரிபொருள் பழுப்பு நிலக்கரி. இந்திய நாட்டு மின்தொடர் முழுவதையும் சேர்த்து நோக்கினால், யூனிட் ஒன்றுக்குக் காற்றில் சேரும் கரியமிலவாயு சுமார் 0.7 கிலோ. அதன்படி நம் பதினேழு யூனிட்டுக்குப் பன்னிரண்டு கிலோ. பெட்ரோல் வண்டி அதே தூரத்திற்கு வெளியிடுவது பதினைந்து கிலோ. இலாபம் உண்டு, ஆயின் விளம்பரங்களில் சொல்லுமளவு இல்லை. மின்கலத்தைச் செய்யும்பொழுதே எழுந்த புகையையும் கூட்டினால் முதற் சில ஆண்டுகள் அக்கடனை அடைப்பதிலேயே கழியும். பழுப்பு நிலக்கரியில் யூனிட்டுக்கு ஒரு கிலோவுக்குமேல் வெளிப்படுதலின், அம்மின்சாரத்தை மட்டும் கொண்டு ஓட்டினால் இலாபம் முற்றும் மறைந்துவிடும். மாடியில் சூரியத் தகடு வைத்துப் பகலில் மின்னேற்றுவோர் கணக்கே உண்மையில் சுத்தமான கணக்கு. பெட்ரோல் வண்டி எத்தனை ஆண்டு ஓடினும் தன் புகையைக் குறைத்துக்கொள்ளாது. மின்வண்டியோ, நாட்டு மின்சாரம் தூய்மையாகுந்தோறும் தானும் தூய்மையாகும். யாம் மின்வண்டியை ஆதரிப்பதற்கு இஃதொன்றே பெருங்காரணம்.

இனி, யாருக்குக் கடமைப்படுகின்றோம் என்னும் கேள்வி. பி.ஒய்.டி. கம்பெனி 2007-இலேயே சென்னைப் பக்கத்தில் கால்வைத்தது. அட்டோ 3-ஐப் பகுதிகளாய்க் கொணர்ந்து ஸ்ரீபெரும்புதூரில் பொருத்தப்போவதாக 2022-இல் அறிவித்தது. பகுதிகளைப் பொருத்துதல் வேறு, செய்தல் வேறு. மின்கலமும் மோட்டாரும் கப்பலில் வந்திறங்க, ஆணி முடுக்கும் வேலை மட்டும் நமக்காயின் அதனை நாம் தொழிற்கல்வி என்று கருதலாகாது. இந்திய அரசாங்கம் 2020 ஏப்ரலில், நம்முடன் நில எல்லை கொண்ட நாடுகளிலிருந்து வரும் முதலீட்டிற்கு முன்னனுமதி வேண்டுமென்று விதித்தது. ஐதராபாத்துக் கம்பெனியொன்றுடன் கூடி நூறு கோடி டாலரில் தொழிற்சாலை அமைக்கப் பி.ஒய்.டி. விண்ணப்பித்ததும், அது மறுக்கப்பட்டதும் 2023 ஜூலையில் செய்தித்தாள்களில் வெளியாயின. வேறு நாட்டாரும் சும்மா இருக்கவில்லை. சீன மின்வண்டிகளுக்கு அமெரிக்கா 2024-இல் நூறு சதவீத வரி விதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் அவ்வாண்டு அக்டோபரில் பி.ஒய்.டி.க்குப் பதினேழு சதவீதம் கூடுதல் வரி விதித்தது. இதற்கிடையில் தூத்துக்குடியில் வியட்நாம் தேசத்து வின்ஃபாஸ்ட் என்னும் இளங்கம்பெனி தொழிற்சாலை அமைத்து, 2025 ஆகஸ்டு 4-ஆம் நாள் திறப்புவிழா நடத்திற்று.

வரியால் வண்டியைத் தடுக்கலாம். வண்டியினுள் இருக்கும் பொருளை? மின்மோட்டாரில் வைக்கும் வன்மைமிக்க காந்தங்கள் நியோடிமியம் முதலிய அருமண் உலோகங்களால் ஆனவை. 2025 ஏப்ரலில் சீனம் இத்தகைய பொருள்கள் சிலவற்றின் ஏற்றுமதிக்கு உரிமச்சீட்டு வேண்டுமென்றவுடன், இந்திய வண்டித் தொழிற்சாலைகள் பல திகைத்து நின்றன. அருமண் நம்மிடம் இல்லையா? கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே அருமண் செறிந்த மோனசைட் இருப்பது 1909-இல் ஜெர்மானியரொருவரால் அறியப்பட்டது. நூறாண்டுக்குமேல் கடந்தும் மணலிலிருந்து காந்தம் வரையுள்ள வழி முழுவதையும் நாம் கட்டி முடித்தோமில்லை. மின்கலத்திலும் இதே கதை. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் வழங்க, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திற்கு 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் அது திறக்கப்பட்டது. வாங் சுவான்பூ பிறப்பதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்குமுன் நமக்கு மின்கல ஆராய்ச்சிச்சாலை இருந்தது என்பதை நம் ரசாயன மாணவர் நினைவிற் கொள்வாராக. குறைந்தது அறிவன்று, ஆய்வுமேசைக்கும் தொழிற்சாலைக்கும் இடையே ஒருவரும் பாலம் போடவில்லை.

நம் ஊர்ப்புறத்திற்கு வருவோம். திருபுவனை, சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் ஆகிய தொழிற்பேட்டைகளில் நம் பழைய மாணவர் பலரும் வேலை செய்கின்றனர். சாலையோரத்துப் பழுதுபார்க்கும் கடைகளில் எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன. எண்ணெய் மாற்றுதல், கிளட்ச் மாற்றுதல், கார்புரேட்டர் துடைத்தல் என்று அவர்கள் கற்ற வேலைகளுள் ஒன்றுகூட இவ்வண்டிக்கு வேண்டியதில்லை. இதன் மின்கலத்தில் ஓடுவது ஏறத்தாழ நானூறு வோல்ட். பயிற்சியற்றவர் தொட்டால் உயிருக்கே அபாயம். மழைக்காலம் வேறு உண்டு. 2024 நவம்பர் 30-ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் கரைகடந்தபொழுது புதுவையில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்குமேல் மழை கொட்டிற்று. வாசலில் நின்ற வண்டிகள் எத்தனையோ நீரில் மூழ்கின. மின்கலப் பெட்டி நீர்புகாதபடி அடைக்கப்பட்டதே எனினும், மூழ்கியெழுந்த மின்வண்டியைத் திறந்து பார்த்து ‘இனி ஓட்டலாம்’ என்று சொல்லத்தக்கவர் அருகில் இருந்தாக வேண்டும். இத்தகைய பயிற்சியை நம் தொழிற்பயிற்சி நிலையங்கள் தொடங்குவதற்கு வண்டிகள் பெருகும்வரை காத்திருத்தல் தகாது.

மின்கலத்திற்குக் கம்பெனியார் இந்தியாவில் கொடுத்த உத்தரவாதம் எட்டு ஆண்டு, அல்லது 1,60,000 கிலோமீட்டர். அதன்பின்னும் கொள்ளளவில் பெரும்பகுதி எஞ்சியிருக்கும்; வண்டிக்குப் போதாதெனினும், சூரியத் தகட்டின் மின்சாரத்தை இரவுக்குச் சேமித்து வைக்கப் போதும். அதுவும் முடிந்தபின்? 2022 ஆகஸ்டில் வெளியான விதிகளின்படி, பயன்தீர்ந்த மின்கலங்களைத் திரட்டிப் பிரித்தெடுக்கும் பொறுப்பு உற்பத்தியாளரையும் இறக்குமதி செய்தோரையும் சாரும். ஈயக் கலங்களைப் பழைய இரும்புக் கடைக்காரர் தேடிவந்து வாங்கிச் செல்வர். நிக்கலும் கோபால்ட்டும் உள்ள கலங்களுக்கும் விலையுண்டு. இரும்புப் பாஸ்பேட்டில் உள்ளவை இரும்பும் பாஸ்பேட்டும் சிறிதளவு லிதியமும் செம்பும் அலுமினியமுமே; ஆகையால் கூலி கொடுத்துப் பிரித்தெடுத்தால் கிடைப்பது சொற்பம். எதனால் இவ்வண்டி மலிவாயும் அபாயம் குறைந்ததாயும் ஆயிற்றோ, அதனாலேயே அதன் எச்சத்தை விரும்பி வாங்குவார் இலர். 2022-இல் விற்ற வண்டிகளின் உத்தரவாதம் 2030-இல் முடிகின்றது. அந்நானூறு கிலோப் பெட்டியை இச்சாலையினின்று யார் வந்து எடுத்துச் செல்வர் என்பதை, வண்டி வாங்குவோர் விலை பேசும்பொழுதே எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும்.